ஓலை கேட்கப் போன ஜோஸ்பின்

என் அக்கா ஜோஸ்பின் முப்பத்தோரு வருடமாகப் பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பவள். காரைக்காலில் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்காத குடும்பம் குறைவு. ஒரே பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிறந்த தேதி, பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு பிறந்த தேதி கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். செத்துப்போய்விட்டான் என்று அண்ணன்காரன் எழுதிக் கொடுத்த தம்பி, மறு மாதம் தானே நேரில் வந்து நின்றதையும் பார்த்திருக்கிறாள். அதனால் யார் எதைச் சொன்னாலும் ஒரு நிமிடம் பேசாமல் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். நகலைக் கொண்டுவந்து நீட்டினால் அதுகூடக் கிடையாது. “ஒரிஜினல் எங்கங்க?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள்.

வீட்டிலும் அப்படித்தான். பால்காரர் இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வந்து காய்ச்சல் என்றால், எந்த டாக்டர் என்று கேட்பாள். சார்லஸ் அத்தான் இதற்கெல்லாம் எப்போதோ பழகிவிட்டார். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் தன்னை இன்னும் விசாரணையில்தான் வைத்திருக்கிறாள், தீர்ப்பு சொல்லவில்லை என்பார்.

ஆனால் அவளுடைய சந்தேகம் எல்லாம் ஆபீஸ் கற்றுக்கொடுத்ததல்ல. அதில் எனக்கும் பங்கு உண்டு. 1998இல் எங்கள் சின்னம்மா மகளுக்குப் பிரான்சிலிருந்து ஒரு வரன் வந்தது. நான் அப்போது அதே பிரான்சில் லியோனுக்குப் படிக்கப் போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பையனைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி கடிதம் வந்தது. அவன் இருந்த ஊர் ரயிலில் நான்கு மணி நேரம். நான் போகவில்லை. இரண்டு பேருக்குப் போன் போட்டேன். நல்ல பையன் என்றார்கள். அதையே எழுதிப் போட்டேன். மாப்பிள்ளைக்கு லீவு குறைவு என்று பிஷப்பான மேற்றிராணியாரிடம் ஓலைக்கு விலக்கு வாங்கிக் கல்யாணத்தை முடித்தார்கள். அவனுக்கு அங்கே ஒரு மனைவியும் நான்கு வயதில் ஒரு பெண்ணும் இருந்தது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஓலை என்பது எங்கள் கத்தோலிக்கர்களுக்குத் தெரிந்த விஷயம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண் வீடு சேர்ந்த பங்குக் கோவிலிலும் மாப்பிள்ளை வீடு சேர்ந்த பங்குக் கோவிலிலும், பூசை முடிகிற நேரத்தில் சாமியார் இரண்டு பேருடைய பெயரையும் பெற்றோர் பெயரையும் படிப்பார். இவர்களுக்குள் திருமணத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று முடிப்பார். ஊரே கேட்டிருக்க, ஒருவரும் எழுந்திருக்காமல் மூன்று வாரம் போனால், அந்தக் கல்யாணம் நடக்கலாம்.

சின்னம்மா மகள் விஷயத்தில் அக்கா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தன் மகள் ஆக்சிலியாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது மட்டும், “நீ விசாரிக்க வேணாம் தம்பி, நான் பாத்துக்குறேன்” என்றாள்.

வரன் அமைந்தது சென்னையில். மாப்பிள்ளை அமலன், ஏ.சி. பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். அப்பா இல்லை. அம்மா சகாயம்மாள் கொளத்தூரில் வாடகை வீட்டில் மகனோடு இருந்தார். ஆக்சிலியா காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், இருபத்தேழு வயது. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போய் நிச்சயமும் ஆகிவிட்டது. ஆகஸ்ட் மாதம் புதன்கிழமை ஒன்றைக் குறித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார், ஓலை வாசிக்கச் சொல்லித் தங்கள் பங்குச் சாமியார் எழுதிய கடிதத்தை ஒழுங்காகக் கூரியரில் அனுப்பிவிட்டார்கள். காரைக்காலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தாயிற்று. பதிலுக்கு எங்கள் பங்குச் சாமியார் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதைப் போனில் போட்டோ எடுத்து அமலனுக்கு அனுப்பினாள். கடிதத்தைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாசிக்கிறதுக்குப் போட்டோ போதும், ஒரிஜினல் கையைவிட்டுப் போய்விட்டால் நம் பிடி போய்விடும் என்பது அவள் கணக்கு. அமலனும் சரி அத்தை என்று சொல்லிவிட்டான்.

முதல் ஞாயிறு வாசித்தாயிற்று என்று செய்தி வந்தது. இரண்டாம் ஞாயிறு மத்தியானம் அக்கா அமலனுக்குப் போன் செய்து, எந்தப் பூசையில் வாசித்தார்கள் என்று சும்மா கேட்டாள். காலை ஒன்பது மணிப் பூசை என்றான். பத்து நிமிடம் கழித்து சகாயம்மாளிடம் வேறு ஏதோ பேசுகிற சாக்கில் அதே கேள்வியைக் கேட்டாள். நேற்றுச் சாயங்காலப் பூசையிலேயே வாசித்துவிட்டார்கள் சம்மந்தி என்றார் அவர்.

அன்றைக்கே எனக்குப் போன் வந்தது. “ரெண்டுல ஒண்ணு பொய்யி. இல்ல, ரெண்டுமே பொய்யி” என்றாள். ஆக்சிலியா இதைக் கேட்டுவிட்டு, எந்தப் பூசையாக இருந்தால் என்ன என்று எரிந்து விழுந்தாளாம். அது அக்காவுக்குப் பிள்ளைக் குணமாகத்தான் பட்டது. மூன்றாம் ஓலையை என் காதால் கேட்பேன், கேட்கவில்லையென்றால் கல்யாணம் இல்லை என்றாள். மண்டபம் சொல்லியாயிற்று, பத்திரிகை பாதிக்கு மேல் கொடுத்தாயிற்று. நான் தடுத்திருக்கலாம். தடுக்கும் யோக்கியதை எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

சென்னையில் கைருன்னிஸாவுக்குக் கண் ஆபரேஷன், பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினாள். கைருன்னிஸா அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகிப் போனதிலிருந்து வில்லிவாக்கத்தில் இருக்கிறாள். கதவைத் திறந்ததும் விஷயத்தைக் கேட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

“நல்லா இருக்கேனேன்னு உனக்குப் பொறாமையாடி? ஆபரேஷன்தான் பண்ணிவிட்டே. எந்தக் கண்ணுன்னாவது சொல்லு, போன் வந்தா நான் என்னத்தைச் சொல்றது?”

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. சாயங்காலமே ஆட்டோ பிடித்துக் கொளத்தூர் போய், சகாயம்மாள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றாள். நிச்சயத்துக்கு முன் நாலு பேராக வந்தபோது பார்த்த வீடுதான். அப்போது பலகாரமும் பேச்சுமாக இருந்ததில் ஒன்றும் கண்ணில் படவில்லை. இப்போது பட்டது. இரண்டாம் மாடிக் கொடியில், அமலனின் சட்டைக்குப் பக்கத்தில், நான்கு வயதுப் பெண் போடுகிற அளவில் ஒரு கவுன் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கவுனைப் பற்றி அவள் எனக்குப் போனில் சொன்னபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரரிடம் விசாரித்திருக்கிறாள். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள், மூன்று நான்கு பிள்ளைகள் வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் மூச்சு விட்டேன்.

“அவருக்கும் சொல்லிவச்சிருப்பாங்க” என்றாள் அக்கா.

காரைக்காலில் ஞாயிறு என்றால் எங்களுக்கு ஒரு பூசை, அதில் ஓலை. அமலனின் பங்குக் கோவிலில் ஞாயிறுக் கணக்கிலேயே சனி சாயங்காலம் ஒன்று, ஞாயிறு ஆறு மணிக்கு, ஏழரைக்கு, ஒன்பதுக்கு இங்கிலீஷில், மறுபடி சாயங்காலம் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தது. சனிக்கிழமைப் பூசையை, சகாயம்மாள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அக்கா விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றையும் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். கைருன்னிஸா விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தபோது, ஒரே நாளில் இத்தனை பூசை பார்த்தால் உன்னை நேராக மேலேயே கூட்டிக்கொண்டு போய்விடப்போகிறார்கள், கல்யாணம் வரைக்கும் பொறுக்கச் சொல்லு என்றாளாம்.

ஆறு மணிப் பூசையில் இரண்டு ஓலை வாசித்தார்கள். அமலன் பெயர் இல்லை. ஏழரை மணிப் பூசைக்கு அமலனும் சகாயம்மாளும் வந்தார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் நகர்ந்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். நற்கருணை நன்மை வாங்கக்கூட எழுந்து போகவில்லை. சாமியார் அறிவிப்புத் தாளை எடுத்ததும், தாளைப் பார்க்காமல் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நான்கு ஓலை வாசித்தார்கள். அமலன் பெயர் இல்லை. அதைவிட, அம்மா மகன் இரண்டு பேர் முகத்திலும் ஒன்றுமே இல்லை. தங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் வராமல் போனால் மனிதர்கள் திடுக்கிட வேண்டாமா? சகாயம்மாள் பைக்குள் செருப்பு டோக்கனைத் தேடிக்கொண்டிருந்தார். வாசிக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பிரான்சில் எனக்கு அப்போது விடியற்காலை மணி ஐந்தரை. போன் அடித்த முதல் மணியிலேயே எடுத்தேன்.

“வாசிக்கல தம்பி” என்றாள். “கல்யாணத்தை நிறுத்தப்போறேன். ஆக்சிலியாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

இங்கிலீஷ் பூசை மீதி இருக்கிறதே என்றேன்.  போனை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரே ஒரு ஓலை. யாரோ ஒரு கேரளத்துப் பையன்.

பூசை முடிந்து எழுந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். கோவில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார், பெயர் மரியமுத்து. காலை ஆறு மணியிலிருந்து மூன்று பூசைக்கும் இருக்கிறீர்கள், எந்தப் பங்கும்மா என்று கேட்டார். போன மாதம் பூசை நேரத்தில் இரண்டு போனும் ஒரு கைப்பையும் காணாமல் போயிருக்கின்றன. தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டு, பீடத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை அவர் விடுவதாக இல்லை. அக்கா வாயில் வந்தபடி திருச்சி என்றாள். திருச்சியில் எந்தப் பங்கு என்றார். அவளுக்குத் திருச்சியில் ஒரு கோவில் பெயரும் சட்டென்று வரவில்லை.

“ஆபீசுக்கு வாங்கம்மா” என்றார் அவர். குரலில் மரியாதை இருந்தது. கை மட்டும் வாசல் பக்கம் போகவிடாமல் நீண்டிருந்தது. முப்பத்தோரு வருடமாக அடுத்தவர்களைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி, கேட்ட அதே குரல். 

பங்குச் சாமியார் சின்ன வயதுக்காரர். அவர் முன்னால் உட்கார்ந்ததும் அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: ஊர், வேலை, மகள், எந்தப் பூசை என்று கேட்டதற்கு வந்த இரண்டு பதில். சாமியார் ஓலைப் பதிவேட்டை எடுத்துத் தன் பக்கம் திருப்பி விரித்தார். எதிரில் இருப்பவர் கையிலுள்ள காகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது அக்காவின் தொழில். அவர் விரலை வைப்பதற்கு முன் அவள் படித்துவிட்டாள். அமலன் பெயர், ஆக்சிலியா பெயர், பெற்றோர் பெயர்கள், எல்லாம் பென்சிலில். தேதிக்கான மூன்று கட்டமும் காலி. கடைசிக் கட்டத்தில், மணப்பெண் பங்கின் அசல் கடிதம் வரவில்லை என்று எழுதியிருந்தது.

“போட்டோதாம்மா குடுத்தாங்க” என்றார் சாமியார். “நீங்களே சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல போட்டோவைக் காட்டுனா நீங்க பதிவு பண்ணுவீங்களா?”

வாசலில் நின்ற உபதேசியார் மரியமுத்து தொண்டையைச் செருமினார்.  அமலன் மூன்று தடவை வந்து கேட்டுப் பார்த்தான், அசல் வராமல் முடியாது என்று சொல்லிவிட்டோம் என்றார் சாமியார். இன்றைக்குச் சாயங்காலம் ஆரம்பித்தால் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கிடைக்கும். விட்டால் விலக்குக்குத்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். விலக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்காவுக்குச் சின்னம்மா மகள் ஞாபகம்தான் வந்திருக்கிறது.

ஆனால் கடிதம் ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம். கடிதம் வேண்டும் என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாமே. வாசித்தாயிற்று என்று ஏன் சொல்ல வேண்டும்? இதில் சொல்கிறவர்கள் நாளைக்கு எதில் சொல்ல மாட்டார்கள்? கைப்பையைத் திறக்காமலேயே வெளியே வந்து, மாதா கெபி பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று ஆக்சிலியாவுக்குப் போன் செய்தாள். கல்யாணம் நின்றது என்று சொல்வதற்காகத்தான் செய்தாள்.

“நான்தாம்மா அப்படிச் சொல்லச் சொன்னேன்” என்றாள் ஆக்சிலியா.

“எப்படிச் சொல்லச் சொன்னே?”

“வாசிச்சாச்சுன்னு. அவர் அன்னிக்கே ஒரிஜினல் கேக்குறாங்கன்னு சொன்னாரு. உன்கிட்டக் கேட்டா நீ என்ன நெனைப்பேன்னு எனக்குத் தெரியும்மா. ஏன் கேக்குறான், எதுக்கு அவசரப்படுறான்னு ஆரம்பிச்சிருவே. ரெண்டு வாரமா நானே பீரோவெல்லாம் தேடுறேன். நீ பையை விட்டு எறக்கவே மாட்டேங்குறே.”

 ஆக்சிலியா அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

“அவங்க உன்னைப் பாத்துப் பயப்படலம்மா. நான்தான் பயந்தேன். நீ வச்சிருக்கிற சந்தேக லிஸ்டுல அவர் பேரு வந்துரக் கூடாதுன்னு.”

அதற்குள் சார்லஸ் அத்தான் போனை வாங்கிவிட்டார். காலையில் கைருன்னிஸாவிடம் நலம் விசாரித்ததாகச் சொன்னார்.

“அந்தம்மா வலது கண்ணுங்குது. நீ இடதுன்னு சொல்லிட்டுப் போனே. எந்தக் கண்ணும்மா ஆபரேஷன் பண்ணாங்க?”

கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட வேண்டும், வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த வேப்பமரத்தடியில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் என்னிடம் சொன்னது இது: முப்பத்தோரு வருடத்தில் அவள் பிடித்த பெரிய பொய்களெல்லாம் அச்சுப்பிசகாமல் இருந்தவை. அண்ணன், தம்பி, சாட்சி, மூன்று பேரும் ஒரே தேதியை, ஒரே மணியைச் சொல்வார்கள். முன்பே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்கிறவர்கள் அப்படித்தான். ஒருத்தன் காலை என்றும் ஒருத்தி சாயங்காலம் என்றும் உளறுகிறார்கள் என்றால், அவர்களுக்குச் சேர்ந்து பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவளும் கைருன்னிஸாவும் மாதிரி.

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சாமியார் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் வைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

“பெற்றுக்கொண்டதுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி. சீல் வச்சு.”

சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் சீலை எடுத்துக்கொடுத்தார்.

மத்தியானமே அமலனுக்குச் செய்தி போயிருக்கிறது. சாயங்காலப் பூசைக்கு சகாயம்மாள் மட்டும் வந்தார். தன் ஓலையைத் தானே கேட்பது நல்லதில்லை என்று மகனை வெளியே நிறுத்திவிட்டாராம். அக்கா இந்தத் தடவை தூணுக்குப் பின்னால் உட்காரவில்லை. சகாயம்மாள் அவள் பக்கத்தில் வந்து, இடையில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். 

பூசை முடிவில் சாமியார் தாளை எடுத்தார். முதல் ஓலை என்றார். அமலன் பெயர், செத்துப்போன அவன் அப்பா பெயர், சகாயம்மாள் பெயர். காரைக்கால் பங்கைச் சேர்ந்த சார்லஸ், ஜோஸ்பின் இவர்களின் மகள் ஆக்சிலியா. திருமணத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று நிறுத்தி, மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் சகாயம்மாள் திரும்பி அக்காவின் முழங்காலைப் பார்த்தார். எழுந்திருக்கப் போகிறவளின் முழங்கால்தானே முதலில் அசையும். அக்கா கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் சகாயம்மாள்தான் முதலில் பேசினார்.

“பொய் சொன்னது தப்புதான் சம்மந்தி. ரெண்டு வாரமா தூக்கமில்ல. இப்ப நம்பிக்கை வந்துருச்சுங்களா?”

“இன்னும் ரெண்டு ஓலை இருக்குல்லங்க” என்றாள் அக்கா.

சகாயம்மாள் அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். பஸ்ஸில் சாப்பிட இட்லி வாங்கிக் கொடுத்தார் என்றாள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். பஸ் ஏற்றிவிட வந்தான், பையைத் தூக்கிக்கொள்கிறேன் என்றான், நான் கொடுக்கவில்லை என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சென்னை போனாள். இந்தத் தடவை வீட்டில் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனாள். தங்கியதும் சகாயம்மாள் வீட்டில்தான். இரண்டாம் ஓலை சாயங்காலப் பூசையில்தான் என்று சாமியார் முன்பே போனில் சொல்லியிருந்தார். இருந்தாலும் காலை ஐந்து மணிக்கே சகாயம்மாளை எழுப்பி ஆறு மணிப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.